நீல நூல் தைத்த வெள்ளைக் கொடிகள்

அத்தியாயம் பதினொன்று

இன்பமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் அரவம் கேட்டு எட்டிப் பார்த்தால், பக்கத்து வளவுச் சிவபாக்கியம் ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தலும் மறு கையில் சீனிப் பையுமாக நின்று அழுகிறாள்.

"என்ர பிள்ளை," என்று வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஆர் பிள்ளை? ஆர் செத்தது?"

இன்பமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேங்காய்ப் பூ ஒட்டிய கையை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"என்னக்கா கதைக்கிறீங்கள்? இஞ்ச ஒருத்தரும் சாகேல்ல."

சிவபாக்கியத்தின் அழுகை சட்டென்று நின்றது. வாசல் படலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

இன்பமலர் வெளியே வந்து பார்த்தாள். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. சந்தியில் அந்தோனியார் சுரூபம் நிற்கிறதே, அங்கிருந்து தொடங்கி, மின்கம்பத்துக்கு மின்கம்பம், வேலிக்கு வேலி கட்டிக்கொண்டு வந்து, கடைசிக் கொடியை அவள் வீட்டுப் படலையிலேயே கட்டியிருந்தார்கள். கடற்காற்றுக்கு அத்தனையும் படபடவென்று அடித்தன.

கிறிஸ்தவர் வீடோ சைவர் வீடோ, அந்தோனியார் கரையில் வெள்ளைக் கொடி போகிற வழியே போனால் செத்த வீடு வரும். அதற்கு மேல் ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் அயலட்டைப் பெண்கள் தேநீரும் சீனியும் கொண்டு வந்துவிடுவார்கள். சிவபாக்கியம் வந்ததும் அப்படித்தான்.

இன்பமலரின் கண்கள் கடற்கரைப் பக்கம் போயின. நிக்கலஸ் இரவு வலைக்குப் போனவர். இன்னும் வரவில்லை.

அந்தக் கரையின் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடலில் ஒரு ஆள் போய்விட்டால் பெண்சாதிக்குக் கடைசியாகத்தான் சொல்லுவார்கள். முதலில் மரண உதவிச் சங்கத்துக்கு, பிறகு சுவாமியாருக்கு. கொடியும் கதிரையும் ஆட்களும் வந்து சேர்ந்த பிறகே வீட்டுக்காரிக்குச் செய்தி வரும். தனியே இருக்கையில் கேட்டு நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் செய்வது. இன்றைக்கு அந்த நல்லெண்ணம் அவளைக் கொன்று போட்டது.

ஊருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியாது என்று நினைத்தாள். படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினாள்.

"அவர்தான் அக்கா," என்றாள். "அவர்தான். வேற ஆர்?"

சிவபாக்கியம் அவளைத் தூக்க முயன்றாள். ஒழுங்கையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மீன் விற்கிற பூரணி வந்தாள். கூடையை வழியிலேயே யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்த களை. பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். எல்லோருடைய வாயிலும் அதே கேள்விதான்: ஆர் செத்தது?

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மனிதர் ஓடிவந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, உடம்பெல்லாம் ஈரம், செருப்பில்லாத கால். நிக்கலஸ்தான்.

படலைக்கு வந்தவர் பெண்சாதியைக் கண்டார். ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். பிறகு அவர் கேட்ட ஒரு சொல்லில் அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் விறைத்துப் போனார்கள்.

"பிள்ளையோ?"

வள்ளத்தை இழுக்கையில் யாரோ சொன்னார்களாம், கொடி உன்ர வீட்டுக்குத்தான் போகுது எண்டு. வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனிதர் வழிநெடுக ஒன்றைத்தான் நினைத்திருக்கிறார். மலரா, பிள்ளையா?

அவர் உயிரோடு நிற்கிறார். அவளும் நிற்கிறாள். அப்படியென்றால்?

அவர்களுக்கு ஒரே பிள்ளை, நிரோஷினி. உயர்தரம் படிக்கிறாள். காலை முதல் பஸ்ஸில் திருகோணமலை ரவுணுக்கு ரியூசன் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்பமலர் தொலைபேசியை எடுத்துப் பிள்ளையின் இலக்கத்தை அழுத்தினாள். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வகுப்பில் நிறுத்தி வைக்கத்தான் சொல்லுவார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நிக்கலஸ் ஈரச் சாரத்தோடேயே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"நான் போய்ப் பாத்திட்டு போன் எடுக்கிறன். நீ ஓரிடமும் போகாத," என்றார். போய்விட்டார்.

இங்கேதான், போன கிழமை நாம் விட்ட இடத்தை ஒரு தரம் தொட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தையல் மெசினோடு இருந்த இன்பமலரைப் பிரதேச சபைக்கு ஆளாக்கியது ஜக்சன். அவளுடைய கட்சியின் மூத்த உறுப்பினர், நிரோஷினிக்கு ஞானத் தகப்பன். கப்பல்துறையில் வீடு. பெண்களுக்கு ஒதுக்கின இடம் சும்மா கிடக்குது, வாங்கோ தங்கச்சி என்று கூட்டிப் போனவர். போனவள் சும்மா இருந்தாளா? கடற்கரை வீதிக்குப் போட்ட கிரவல் மண் முதல் மழையிலேயே கரைந்து கடலுக்குப் போனதைக் கண்டு, யாருடைய டிப்பர் லொறி ஏற்றியது என்று சபையில் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வீதி போட முடியுமா?

அதனால்தான் அந்தப் பிரேரணை. சபை கொடுக்கிற ஒப்பந்தத்திலோ வேலையிலோ உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரர் இருந்தால், அதை அவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே போய்விட வேண்டும். கூட்டத்தை ஊர்ச் சனம் வந்திருந்து பார்க்கலாம். இவ்வளவுதான் அவள் கேட்டது.

போன கிழமை தவிசாளர் இராசதுரை அவளை அறைக்குள் கூப்பிட்டு, "சபை எண்டது குடும்பம் மாதிரி பிள்ளை, குடும்பத்துக்க சட்டம் கதைக்கிறேல்ல," என்றார். அதற்கு மறுநாள், இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நிரோஷினியின் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ரவுண்வரைக்கும் வந்தது. இவள் பிரேரணையை வாபஸ் வாங்கவில்லை. அது இன்றைக்குப் பத்து மணிக் கூட்டத்தில் வருகிறது. அவள் நேரில் நின்று முன்மொழியாவிட்டால் விழுந்துவிடும்.

இப்போது விளங்குகிறதல்லவா, கொடி ஏன் வந்தது என்று. இன்பமலருக்கும் அப்போதுதான் விளங்கியது. இன்னும் ஒருவரும் சாகவில்லை. இனிமேல் சாகப் போகிற ஒருவருக்காக முன்கூட்டியே கட்டிய கொடி அது.

கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். சிவபாக்கியம் முதுகைத் தடவிவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். நிக்கலஸ் இல்லை, ஜக்சன்.

"தங்கச்சி, கொடி கட்டியிருக்காம் எண்டு கேள்விப்பட்டன்," என்றார். குரலில் அவ்வளவு இரக்கம். "நீங்கள் இண்டைக்குச் சபைக்கு வர வேண்டாம். இந்த நேரத்தில ஆர் என்ன சொல்லப் போகினம்? நான் தவிசாளரிட்டக் கதைச்சு பிரேரணையைத் தள்ளி வைக்கிறன். வீட்டில இருங்கோ. பயப்பிடாதேங்கோ."

"ஓம் அண்ணன்," என்றாள். "ஓம், ஓம்." இந்த மனிதராவது இருக்கிறாரே என்று கண் நிறைந்தது. பிள்ளையின் செய்தி வரும் வழியை இந்தக் கதை மறித்துக்கொண்டு நிற்கிறதே என்ற பதற்றத்தில் சீக்கிரமே வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நிக்கலஸ் அழைத்தார். பிள்ளை கூடவே நிற்கிறாள். சுகமாக இருக்கிறாள். என்ன நடந்தது என்று கேட்டு அழுகிறாள்.

"மலர், நான் இவளை இப்பிடியே இலங்கைத்துறைக்கு அக்கா வீட்ட கொண்டுபோய் விடுறன். நீ சபைக்குப் போகாத. சபையும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் போதும். கேக்குதா?"

"கேக்குது."

"போக மாட்டன் எண்டு சொல்லு."

"போக மாட்டன்," என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். வாசகர்கள் அவளைக் கோழை என்று நினைத்தால் நினைக்கட்டும். காலையில் ஒரு மணி நேரத்துக்குள் புருசனையும் பிள்ளையையும் ஒவ்வொரு தரம் பறிகொடுத்துவிட்டு எழும்பியவள் அவள்.

முற்றத்தில் இதற்குள் நல்ல கூட்டம். ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்தும் ஒருவரும் போகவில்லை. கொண்டுவந்த தேநீரை ஊற்றி அவர்களே குடித்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில் எல்லோரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். அதனால் அது இன்னும் செத்த வீடு போலவே இருந்தது.

"கழட்டி எறியுங்கோ அந்தச் சனியனை," என்று பூரணிதான் சொன்னாள்.

இன்பமலர் எழுந்து போய்ப் படலையில் கட்டியிருந்த கொடியைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். துணியைச் சுருட்டப் போனவளின் விரல் கரை மடிப்பில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

நீல நூல்.

போன மாரியில் சங்கத்தின் பழைய கொடிகள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன என்று அவளிடம்தான் புதுக் கொடி தைக்கக் கொடுத்தார்கள். பாதியில் வெள்ளை நூல் முடிந்துவிட்டது. அன்றைக்கு ரவுணில் ஹர்த்தால். கடை திறக்கவில்லை. மறுநாளே ஒரு செத்த வீடு இருந்தது. இருந்த நீல நூலைப் போட்டு மிச்சத்தைத் தைத்துக் கொடுத்தாள். "செத்தவன் எழும்பி நூலைப் பாக்கப் போறானே அக்கா?" என்று பகிடி விட்டு அதை வாங்கிப் போனவன் அவளுடைய தம்பி ஜெயகாந்தன். சங்கத்தின் சாமான்களுக்கு அவன்தான் பொறுப்பு. கோயில் மண்டபத்து அலுமாரியில் கொடிகள் இருக்கும். அதன் சாவி அவனிடம் மட்டும் இருக்கும்.

தலையை நிமிர்த்தி முற்றத்தைப் பார்த்தாள். ஊரில் எந்தச் செத்த வீடென்றாலும் முதல் ஆளாகக் கதிரையோடு வந்து இறங்குகிறவன் ஜெயகாந்தன். சொந்த அக்கா வீட்டுக்குக் கொடி கட்டியிருக்கிறது. அவனைக் காணவில்லை.

"இந்தா வாறன்," என்று சிவபாக்கியத்திடம் சொல்லிவிட்டு, கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டு பின் ஒழுங்கையால் நடந்தாள். தம்பி வீடு கூப்பிடு தூரம்தான்.

தம்பி பெண்சாதி கீர்த்தனி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிறைமாதம். இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தவள், மச்சாளைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டாள்.

"வாங்கோ மச்சாள். இவர் விடியப்புறமே கொடி எடுக்கவேணும் எண்டு சாவியோட போனவர், இன்னும் வரேல்ல. நானும் ஆரைக் கேக்கிறது எண்டு நிக்கிறன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆர் மச்சாள் செத்தது?"

இன்பமலர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"ஒருத்தரும் இல்ல பிள்ளை," என்றாள். "நீ இரு. குனிஞ்சு கூட்டாத."

திரும்பி வரும்போது அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. வெளியாள் ஒருவன் கட்டியிருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கலாம். கட்டினவன் உள்ளே வந்து போகிறவன், குசினியில் தட்டெடுத்துத் தானே போட்டுச் சாப்பிடுகிறவன். எந்தக் கதவைப் பூட்டுவது? இன்றைக்கு வீட்டில் இருந்தால் நாளைக்கும் இருக்கவேண்டும். பிள்ளையை எத்தனை நாளைக்கு இலங்கைத்துறையில் ஒளித்து வைப்பது? அவள் முற்றத்துக்கு வந்தபோது முடிவெடுத்திருந்தாள். நிக்கலஸுக்குச் சொன்ன வாக்கு உடையும் என்பதும் தெரிந்திருந்தது.

"நான் சபைக்குப் போறன் அக்கா," என்றாள்.

சிவபாக்கியம் போத்தலின் மூடியைத் திருகி மூடினாள். "அப்ப நாங்களும் வாறம்."

"உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்?"

"செத்த வீட்டுக்காரரைத் தனிய விடுறேல்ல பிள்ளை. கொடி கட்டியாச்சு. நாங்களும் வந்தாச்சு. நீ போற இடத்துக்கு வரத்தானே வேணும்?"

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சேலையை உதறி எழுந்தார்கள். சந்தியில் நின்ற ஓட்டோக்கள் எல்லாவற்றையும் பூரணி கைதட்டிக் கூப்பிட்டாள். ஓட்டோக்காரனும் ஏறும்போது அதைத்தான் கேட்டான்: ஆரக்கா செத்தது?

வழிநெடுக இன்பமலர் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் இலக்கத்தகடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அப்போதும் நம்ப முடியவில்லை.

சபைக் கட்டடத்தின் பக்க விறாந்தையில் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் நின்றது. அதன் நிழலில் ஜெயகாந்தன் நின்றான். சபையில் அவன் அமையத் தொழிலாளி. உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். நாட்சம்பளம். நிரந்தர நியமனம் வரும் வரும் என்று வருசக் கணக்காகக் காத்திருப்பவன். இன்றைய கூட்டத்தில்தான் அந்தச் சிபாரிசும் வருகிறது.

அக்காவைக் கண்டதும் அவன் முகம் செத்துப் போயிற்று.

"நீங்கள் ஏனக்கா வந்தனீங்கள்?"

அவள் சுருட்டி வைத்திருந்த கொடியை விரித்து, கரை மடிப்பைக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"அக்கா, நான் கட்டாட்டி வேற ஆரும் வேற எதையும் செய்திருப்பாங்கள். கொடியோட போகட்டும் எண்டுதான் ஓமெண்டனான். நீங்கள் பயந்து வீட்டில இருந்திடுவீங்கள் எண்டு நினைச்சன்."

"அத்தான் கடலால ஓடி வந்து பிள்ளை செத்திட்டாளோ எண்டு கேட்டவரடா. உனக்குத் தெரியுமா?"

அவன் உதட்டைக் கடித்தான்.

"வேற எதையும் எண்டால்? என்ன செய்திருப்பாங்கள்?"

"நிரோஷினி எந்த பஸ்ஸில போறவள், எங்க இறங்கிறவள் எண்டு கேட்டாங்கள்."

இன்பமலர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னியா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது போதும்.

"ஆர் கேட்டது? தவிசாளரா?"

"அதை மட்டும் கேக்காதேங்கோ." அவன் அவளுடைய கையைப் பிடித்தான். "என்ர பேரைச் சொல்லிப் போடாதேங்கோ அக்கா. கீர்த்தனிக்கு இந்த மாதம். இந்த நியமனமும் போனால் நான் என்ன செய்ய?"

அவள் கையை இழுக்கவில்லை. அவனாக விடும்வரை நின்றாள். உள்ளே மணி அடித்தது.

மண்டபத்தில் தவிசாளர் இராசதுரை ஏற்கனவே ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார். "...உறுப்பினர் இன்பமலரின் இல்லத்தில் நிகழ்ந்த துக்கம் காரணமாக, உறுப்பினர் ஜக்சனின் வேண்டுகோளுக்கு இணங்க, அன்னாரின் பிரேரணையை..."

வாசலில் நின்ற உறுப்பினர் நஸ்ரி அவளைக் கண்டதும் பதறினார். அவர் வேறு கட்சி. "ஆர் தங்கச்சி? ஆர் மௌத்து?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல நானா."

அவள் நடந்து போய்த் தன் கதிரைக்கு முன்னால் நின்றாள். பின்னால் அந்தோனியார் கரைப் பெண்கள் மண்டபத்துக்குள் நிறைந்து, சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். காவலாளி தடுக்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"தவிசாளர் அவர்களே," என்றாள். "என்ர வீட்டில ஒரு சாவும் இல்ல. பிரேரணையைத் தள்ளி வைக்க வேண்டாம். நான் முன்மொழியிறன்."

இராசதுரை வாயைத் திறந்தபடி ஜக்சனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அப்ப கொடி?" என்றார். அவர் குரலில் உண்மையாகவே ஒரு குழப்பம் இருந்தது. அது அவளுக்கு நடிப்பாகத் தோன்றவில்லை. அப்போது அதை நின்று யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை.

பிரேரணையை வாசித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வாசித்து முடிய, வழிமொழிவதாக ஒத்துக்கொண்டிருந்த ஜக்சன் பக்கம் திரும்பினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரும் வழிமொழியிறீங்களா?" என்று இராசதுரை இரண்டாம் முறையும் கேட்டார்.

"நான் வழிமொழியிறன்," என்றார் நஸ்ரி. "ஆனால் முதல்ல அந்தக் கொடிக் கதையைச் சொல்லுங்கோ. உறுப்பினர் ஒருவரைச் சாவைக் காட்டி மிரட்டினால் அது சபையிட காரியம். ஆர் கட்டினது எண்டு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லில் தம்பியின் வேலை நிற்கும், பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பால் மா வரும், ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து குசினியில் தட்டெடுப்பான். இன்பமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உறவுக்காரர் என்றால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று வாசித்த வாய் இன்னும் உலரவில்லை. முதல் ஆளாக அவளே மறைத்தால், அந்தக் கிரவல் டிப்பருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? நிரோஷினியின் பஸ்ஸைக் கேட்டவன் எந்தக் கதிரையில் இருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியாது.

கொடியை மேசையில் விரித்தாள்.

"இது நான் தைச்ச கொடி," என்றாள். "நூலைப் பாருங்கோ, நீலம். இது இருக்கிற அலுமாரிச் சாவி ஓராளிட்டத்தான் இருக்கு. அந்த ஆள் இந்தச் சபையில அமைய வேலை செய்யிறவர். இண்டைக்கு அவருக்கு நியமனச் சிபாரிசு வருது. என்ர கூடப்பிறந்த தம்பி, ஜெயகாந்தன். அந்த வாக்கெடுப்புக்கு நான் வெளியால போறன். கட்டினது அவர். கட்டச் சொன்னது ஆரெண்டு எனக்குத் தெரியாது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கவில்லை. கொடியால் முடியாத காரியத்தை, தம்பியின் வீட்டில் ஒரு சாவைக் கொண்டுபோய்ப் போடுகிற காரியத்தை, தானே செய்துவிட்டதாக நினைத்தாள். சுவரோரம் நின்ற சிவபாக்கியம் இருகையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஜெயகாந்தன் அங்கே நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. சபையின் காக்கிச் சட்டை, கையில் தொப்பி.

"தம்பி," என்றார் நஸ்ரி. "ஆர் சொல்லிக் கட்டினனீர்?"

இன்பமலர் தவிசாளரின் முகத்தையே பார்த்தாள். மண்டபம் முழுக்க அவரைத்தான் பார்த்தது. இராசதுரை கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

ஜெயகாந்தனின் கண் தவிசாளரிடம் போகவேயில்லை. மேசையோரமாக வந்து, கொடியைத் தாண்டி, அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் நின்றது. அங்கே ஜக்சன் மூக்குக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்பமலருக்கு அப்போதுதான் காலையில் வந்த அந்த அழைப்பு நினைவுக்கு வந்தது. சிவபாக்கியம் கேட்டாள், பூரணி கேட்டாள், கீர்த்தனி கேட்டாள், ஓட்டோக்காரன் கேட்டான், வாசலில் நஸ்ரி கேட்டார். கொடியைக் கண்ட, கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் ஆர் செத்தது என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஜக்சன் அண்ணன் மட்டும் கேட்கவில்லை.